ஒரே நூல் அளவில் இரண்டு ஊர்கள்



காலம், வேகம், தூரம் கணக்கை நாம் எல்லோரும் நடத்துகிறோம். புத்தகத்தில் ரயிலும் பேருந்தும் ஓடும். இன்று விமானத்தை எடுத்துக்கொள்வோம். நம் பிள்ளைகள் பலருடைய அப்பாவோ மாமாவோ சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கிறார்கள். அவர் எத்தனை மணிக்கு வந்து இறங்குவார் என்பது அந்தப் பிள்ளைக்கு வெறும் கணக்கு அல்ல.

அலமாரியில் இருக்கும் உலக உருண்டையை வெளியே எடுங்கள். (பூட்டி வைத்தால் உடையாதுதான், பயனும் இல்லை.) சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நூலை இறுக்கிப் பிடித்து அளக்கட்டும். அதே நூலைத் துபாய்ப் பக்கம் திருப்பட்டும். ஏறக்குறைய அப்படியே பொருந்தும்! நிலநடுக்கோட்டைச் சுற்றினால் சுமார் 40,000 கி.மீ. என்று சொல்லி விகிதம் போடச் சொன்னால், இரண்டுக்கும் 2,900 கி.மீ. அளவில் விடை வரும்.

எட்டாம் வகுப்பு என்றால் பிதாகரஸ் தேற்றத்தையே பயன்படுத்தலாம். சிங்கப்பூருக்கு அட்ச வித்தியாசம் 12 பாகை, தீர்க்க வித்தியாசம் 24 பாகை. ஒரு பாகைக்கு 111 கி.மீ. வைத்தால் சுமார் 2,980 வருகிறது. துபாய்க்கு 12, 25 பாகை, விடை 3,080. துபாய்க்கு ஏன் பிழை கூடுகிறது? வடக்கே போகப் போகத் தீர்க்கக்கோடுகள் நெருங்குகின்றன. இதை நாம் சொல்லாமல், உருண்டையைப் பார்த்து அவர்களே சொல்லட்டும்.

அடுத்தது கால அட்டவணை. காலை 10.00 மணிக்குச் சென்னையில் கிளம்பும் விமானம் சிங்கப்பூரில் மாலை 4.45-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மாலை 6.00-க்கு அங்கே கிளம்பி இரவு 7.45-க்குச் சென்னை திரும்புகிறது. போக 6¾ மணி, வர 1¾ மணி என்பான் மாணவன். உடனே தவறு என்று சிவப்பு மையால் அடிக்க வேண்டாம். திரும்பும் வேகத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். மணிக்கு 1,650 கி.மீ.க்கு மேல் வரும். ஒலியைவிட வேகம்! அவனே சந்தேகப்படுவான். சிங்கப்பூர்க் கடிகாரம் நமக்கு 2½ மணி நேரம் முந்தியது. சேர்த்தும் கழித்தும் பார்த்தால் இருபக்கமும் 4¼ மணி.

மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் 2,900 கி.மீ.க்கு மூன்றரை மணி கூட ஆகாதே என்று கேட்கும் பிள்ளைக்குக் கைதட்டுங்கள். நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது, ஓடுபாதை வரை ஊர்வது, மேலேறுவது, இறங்குவது, நேர்கோட்டில் போகாமல் வழித்தடத்தில் வளைவது எல்லாம் அட்டவணை நேரத்தில் அடங்கும். காற்றும் உண்டு. லண்டனிலிருந்து நியூயார்க் போக, திரும்பி வருவதைவிடச் சுமார் ஒரு மணி நேரம் அதிகம் ஆவது எதிர்க்காற்றால்தான்.

சமூக அறிவியல் ஆசிரியர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கற்பிக்கிறோம். நமது திட்ட நேரம் 82½ பாகைக்கு உரியது. சிங்கப்பூர் ஏறத்தாழ 104. சூரியக் கணக்குப்படி 86 நிமிடம்தான் வித்தியாசம். ஆனால் கடிகாரம் 150 நிமிடம் காட்டுகிறது. 1982-இல் மலேசியாவுடன் சேர்ந்து சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. தீர்க்கக்கோட்டைப் பார்த்து மட்டும் கடிகாரம் ஓடுவதில்லை. அரசும் முடிவு செய்கிறது. சிங்கப்பூரில் காலை 7 மணி அளவில்தான் சூரியன் உதிக்கிறது.

துபாய் நம்மைவிட 1½ மணி நேரம் பிந்தியது. அதே 4¼ மணிப் பயணம், காலை 10.00-க்குச் சென்னையில் கிளம்பினால் அங்கே என்ன மணிக்கு இறங்கும்? நாளை கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். பக்கத்தில் நூலும் இருக்கட்டும்.