வயதும் மணநிலையும்

மக்கள் தொகைக் கணக்கு என்றால் தலைகளை எண்ணுவது என்றே பலரும் கருதுகின்றனர். எண்ணுவது அதன் தொடக்கமே. எண்ணியவற்றை எவ்வாறு வகுத்து வைக்கிறோம் என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது. அவ்வாறு வகுத்தவற்றுள் குடும்ப வாழ்வுக்கு மிக நெருங்கியது, வயதையும் மணநிலையையும் ஒருங்கே காட்டும் இருவழி அட்டவணை. அதில் குறுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஒரு வயதுப் பிரிவு. நெடு வரிசை ஒவ்வொன்றும் மணமாகாதோர், மணமானோர், துணையை இழந்தோர் என ஒரு நிலை. இரண்டும் கூடும் கட்டத்தில், அந்த வயதில் அந்த நிலையில் உள்ளவர் எத்தனை பேர் என்பது விளங்கும்.

இரு வழியாக வகுக்க வேண்டுவது ஏன்? பெங்களூருக்குப் பிழைக்கப் போன பிள்ளைகள் கலியாணத்தை மறந்துவிட்டார்கள் என்று ஊரில் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். இதைச் சோதிக்க, கணக்குக்காக மட்டும் இரண்டு இடங்களைக் கற்பித்துக்கொள்வோம். பெங்களூரில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் 1,000 ஆண்கள். அவர்களுள் 800 பேர் இருபதுகளில் உள்ளவர், 200 பேர் 30 முதல் 49 வயது வரை உள்ளவர். ஊரிலும் 1,000 ஆண்கள். அங்கே இளையவர் 300, மூத்தவர் 700. இரண்டு இடங்களிலும் இளையவருள் நூற்றுக்கு 50 பேரும், மூத்தவருள் நூற்றுக்கு 5 பேரும் மணமாகாதவர் என்று கொள்வோம். குடியிருப்பில் மணமாகாதோர் 410 பேர்; ஊரில் 185 பேரே. வழக்கத்தில் இம்மியும் வேற்றுமை இல்லை, வேற்றுமை வயதில்தான். மொத்தத் தொகையை மட்டும் கண்டு பழி கூறுவோர் இதனை அறியார்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. அதே குடியிருப்பில், மணமாகாத 410 பேருள் இளையவர் 400 பேர். அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 98. ஆனால் இளையவருள் மணமாகாதவர் நூற்றுக்கு 50 தான். முன்னது நெடு வரிசையைக் கொண்டு வகுத்தது. பின்னது குறுக்கு வரிசையைக் கொண்டு வகுத்தது. கேள்விகள் இரண்டு, ஆதலால் விடைகளும் இரண்டு.

இது வெறும் கணக்கு வித்தையன்று. சென்ற நூற்றாண்டுகளின் அட்டவணைகளில் பத்து வயது நிரம்பாத மனைவியரும் விதவையரும் இடம்பெற்றிருந்தனர். மொத்த விதவையருள் சிறுமியர் எத்தனை பேர் என்று கேட்டால் விடை மிகச் சிறிதாகவே வரும். விதவையருள் பெரும்பாலோர் முதியவர் அல்லவா? அதைக் காட்டி, குறையொன்றும் இல்லை என்று வாதிடவும் கூடும். அவ்வயதுச் சிறுமியருள் எத்தனை பேர் மணம் செய்விக்கப்பட்டனர் என்று கேட்கும்போதுதான் கொடுமை கண்ணுக்குத் தெரியும். சேஷாத்ரி ஐயர் மைசூரின் திவானாக இருந்த 1894-ஆம் ஆண்டில், எட்டு வயதுக்குட்பட்ட சிறுமியரின் மணத்தை அச்சமஸ்தானம் சட்டத்தால் தடுத்தது.

நாடு முழுமைக்குமான சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14 வயதும் ஆணுக்கு 18 வயதும் வரம்பாக வைக்கப்பட்டன. அந்நாள் வருமுன் முடித்துவிட வேண்டுமென்று பல பகுதிகளில் அவசர மணங்கள் நடந்தன. 1931-ஆம் ஆண்டுக் கணக்கில் 15 வயதுக்குட்பட்ட மணமானோர் தொகை பெருகியிருந்ததற்கு இது ஒரு காரணம். கட்டத்தில் உள்ள எண்ணை மட்டும் படித்தால் போதாது. அது எழுந்த காலத்தையும் படிக்க வேண்டும்.

மணமான வயது பலருக்கு நினைவிராது. அதற்கும் இவ்வட்டவணை வழிகாட்டுகிறது. ஒவ்வொரு வயதிலும் மணமாகாதோர் விகிதத்தைக் கொண்டே சராசரி மண வயதைக் கணிக்கும் முறையை ஜான் ஹஜ்னால் என்னும் அறிஞர் 1953-இல் வெளியிட்டார். அதற்குச் சற்று முன், 1951-52-இல், ஐக்கிய நாடுகள் சபையும் இந்திய அரசும் சேர்ந்து நடத்திய மைசூர் மக்கள் தொகை ஆய்வு, பெங்களூர் நகரத்துக் குடும்பங்களையும் கிராமத்துக் குடும்பங்களையும் ஆராய்ந்தது. அதன் அறிக்கை 1961-இல் வெளிவந்தது.

ஆயினும், எத்துணை நுட்பமான முறையும் வீட்டு வாசலில் நாம் தரும் விடையின் மேல்தான் நிற்கிறது. வயதை 40, 50 என்று முழுமையாக்கிச் சொல்லும் வழக்கத்தால் அந்த எண்களில் மக்கள் குவிந்து தோன்றுகின்றனர். அதனினும் வருந்தத் தக்கது ஒன்று. கணவனால் கைவிடப்பட்டுப் பிறந்தகத்தில் வாழும் பெண்ணை, மானம் கருதி, வீட்டார் மணமானவள் என்றே சொல்லிவிடுகின்றனர். பிரிந்து வாழ்வோருக்கும் மணவிலக்குப் பெற்றோருக்கும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் தனித்தனிக் கட்டங்கள் தரப்பட்டன. கட்டம் இருந்தும் அவள் அதில் இடம்பெறாது போனால், அவளுக்கென உதவி வகுப்போர் கண்ணில் அவள் இல்லாதவளே ஆகிறாள்.

2027 மார்ச் முதல் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்ட கணக்கெடுப்பு 2025-இல் அறிவிக்கப்பட்டது. வேற்று மாநிலத்தில் வாழும் நாம், கணக்கெடுப்பவர் எம்மொழியில் வினவினும், உண்மை வயதையும் உண்மை நிலையையும் தெளிவாகச் சொல்வோமாக. நம் வீட்டுப் பெண் ஒருத்தியின் துயரம் ஓர் எண்ணாகவேனும் பதியட்டும். பதிந்த பின்னரே அது பிறர் காதில் விழும்.