நரிப் படம் போட்ட பிரவுசர்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் அலுவலகக் கணினிப் பணியாளர் பேசியது)



எனக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. "கம்ப்யூட்டரைப் பத்திப் பத்து நிமிஷம் பேசும்மா" என்று தலைவி அக்கா சொல்லிவிட்டார்கள். பத்து நிமிஷத்தில் கம்ப்யூட்டர் முழுவதையும் சொல்ல முடியாது. நம் அலுவலகத்தில் இன்டர்நெட் பார்க்கிற மென்பொருளை ஏன் மாற்றினோம், மாற்றின பிறகு நான் என்ன தப்புப் பண்ணினேன் என்பதை மட்டும் சொல்கிறேன். அந்தத் தப்பால் நம் ரெண்டு பிள்ளைகளின் உதவித்தொகை போயிருக்கும். அதனால்தான் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்டர்நெட் பக்கங்களைத் திறந்து காட்டுகிற மென்பொருளுக்குப் பிரவுசர் என்று பேர். தமிழில் உலாவி என்று எழுதுகிறார்கள். கம்ப்யூட்டர் வாங்கும்போதே ஒரு பிரவுசர் உள்ளே இருக்கும். நம்முடையதிலும் இருந்தது. அதுதான் இன்டர்நெட் என்றே நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு ஒன்று போட்டுக்கொள்ளலாம், அதற்குக் காசும் வேண்டாம் என்பது 2010-ல்தான் தெரியும். நம் உறுப்பினர் ஒருவரின் மகள், கல்லூரியில் படிக்கிற பிள்ளை, வந்து சொன்னது.

முன்னே எப்படி இருந்தது என்றால், ஒரு பக்கம் திறந்தால் ஒரு சன்னல். இன்னொரு பக்கம் வேண்டுமா, இன்னொரு சன்னல். ஆறேழு சன்னல் ஆனதும் கீழே பட்டையில் பேர் தெரியாமல் எல்லாம் நெருக்கிக்கொண்டு நிற்கும். எது யாருடையது என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்க வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு நம் அலுவலகத் திண்ணை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பிள்ளையின் நம்பரை அடித்துவிட்டு, பக்கம் வருகிற வரைக்கும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அவசரத்தில் வேண்டாத சன்னலை மூடப்போய், வந்த ரிசல்ட்டையே மூடியிருக்கிறேன்.

அந்தப் பிள்ளை போட்டுக்கொடுத்தது ஃபயர்பாக்ஸ். நெருப்பு மாதிரி வாலை வைத்துக்கொண்டு உலகத்தைச் சுற்றிப் படுத்திருக்கும் ஒரு நரிப் படம் அதற்கு அடையாளம். "நரியைத் திற" என்றுதான் நம் அலுவலகத்தில் சொல்வோம். இதில் ஒரே சன்னலுக்குள்ளேயே பல பக்கங்களை வைத்துக்கொள்ளலாம். நோட்டில் ஒவ்வொரு குழுவுக்கும் ஓரத்தில் காது ஒட்டி வைப்போமே, அதே மாதிரி மேலே வரிசையாக இருக்கும். அதற்கு டேப் என்று பேர், தமிழில் தாவல். நான் டேப் என்றதும் ஒரு அக்கா, "குழாயா, அளவெடுக்கிற டேப்பா?" என்று கேட்டார்கள். ரெண்டும் இல்லை அக்கா, இது மூணாவது.

தலைவி அக்காவுக்கு முதலில் பயம். "இருக்கிறதை அழிச்சிட்டா என்னம்மா பண்றது?" என்றார்கள். ஒன்றும் அழியாது. பழைய பிரவுசர் அதன் இடத்திலேயே இருக்கும். நாம் குறித்து வைத்திருந்த முகவரிகளைக்கூட "எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று இது முதல் தடவை திறக்கும்போதே கேட்டு வாங்கிக்கொண்டது. ஒன்று மட்டும் முக்கியம். மொசில்லாவின் சொந்தத் தளத்திலிருந்துதான் இறக்க வேண்டும். இலவசம் என்று கண்ட இடத்தில் இறக்கினால் கூடவே என்னென்னவோ வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதை யார் செய்தார்கள் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். மொசில்லா என்ற, லாப நோக்கம் இல்லாத அமைப்பு. நெட்ஸ்கேப் என்ற கம்பெனி 1998-ல் தன் பிரவுசரின் நிரல் முழுவதையும் எல்லோரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்துவிட்டதில் தொடங்கிய வேலை. அதை வழிநடத்தினவர்களில் முக்கியமானவர் மிட்செல் பேக்கர் என்ற பெண். 2004 நவம்பர் 9-ல் ஃபயர்பாக்ஸின் முதல் பதிப்பு வந்தது. பெரிய கம்பெனிகள் மாதிரி விளம்பரத்துக்குப் பணம் இல்லை. பயன்படுத்துகிறவர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். அந்த டிசம்பர் 16-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் ரெண்டு முழுப் பக்க விளம்பரம் வந்தது. பணம் போட்ட ஆயிரக்கணக்கானவர்களின் பெயரும் அதில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. இதைக் கேட்டதும் எனக்கு நம் சந்தா நோட்டுதான் ஞாபகம் வந்தது. டேப்பை இவர்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஓப்பரா மாதிரி வேறு சிலதில் முன்பே இருந்தது. ஆனால் இதன் வழியாகத்தான் அது ஏராளமான பேருக்குப் பழக்கமானது.

நமக்குக் கிடைத்த லாபம் நேரம். நம் லைன் மெதுவான லைன். ஒரு டேப்பில் ஒரு பக்கம் வந்துகொண்டிருக்கும்போது இன்னொன்றைப் படிக்கலாம். ஒரு அடுப்பில் உலை கொதிக்கும்போது இன்னொன்றில் தாளிப்பது போலத்தான். கண்ட்ரோல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு இணைப்பைத் தட்டினால் அது பின்னால் தனி டேப்பில் திறக்கும். தெரியாமல் மூடிவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், டி மூன்றையும் சேர்த்து அமுக்கினால் மூடின டேப் திரும்ப வரும். கரண்ட் போய் வந்தாலும், முன்பு திறந்திருந்த பக்கங்களை மறுபடி எடுத்துக் கொடுக்கும். ஆனால் பாதி அடித்த விண்ணப்பம் அப்படியே வரும் என்று நம்பாதீர்கள். அது போனால் போனதுதான். பத்துப் பதினைந்து டேப் திறந்தால் நம் பழைய கம்ப்யூட்டர் முக்க ஆரம்பித்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி என் தப்பு.

உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடக் கடைசி நாளுக்கு முந்தின சாயந்திரம். பால்வாடி அக்கா மகள், தையல்கார அக்கா மகள், ரெண்டு பேரும் வந்திருந்தார்கள். ஒரே தளம்தான், ஆளுக்கொரு பேரும் கடவுச்சொல்லும். டேப் இருக்கிற தைரியத்தில் முதல் டேப்பில் பால்வாடி அக்கா மகளைத் திறந்தேன். ரெண்டாவதில் தையல்கார அக்கா மகளைத் திறந்தேன். மறுபடி முதல் டேப்புக்கு வந்து, பால்வாடி அக்கா மகளின் வங்கிக் கணக்கு எண்ணை அடித்துச் சேமித்தேன். திரையில் ஒரு குறையும் தெரியவில்லை. அப்புறம் தையல்கார அக்கா மகளின் விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்து அக்கா கையில் கொடுத்தேன்.

அக்காவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் ரெண்டு வருஷம் குழுப் பிரதிநிதியாக வங்கிக்கு நடந்தவர்கள். "ஏம்மா, கடைசி நாலு நம்பர் என் பொண்ணு பாஸ்புக்கு மாதிரி இல்லையே" என்றார்கள். பார்த்தால் பால்வாடி அக்கா மகளின் எண் அதில் ஏறியிருந்தது. பால்வாடி அக்கா மகளின் விண்ணப்பத்தில் அந்த இடம் காலியாகக் கிடந்தது. இறுதியாகச் சமர்ப்பிக்கிற பொத்தானை நான் இன்னும் அமுக்கவில்லை. அமுக்கியிருந்தால் திருத்த வழியே கிடையாது. அன்றைக்கு ராத்திரி எட்டரை மணி வரை உட்கார்ந்து ரெண்டையும் சரிபண்ணினோம். ரெண்டு அக்காமாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப உறுத்தியது.

ஏன் இப்படி ஆனது என்று அந்தக் கல்லூரிப் பிள்ளை அப்புறம் விளக்கினது. கோயில் வாசலில் செருப்பு விட்டால் டோக்கன் தருவார்களே, அந்த மாதிரி நாம் உள்ளே நுழைந்ததும் அந்தத் தளம் பிரவுசரிடம் ஒரு டோக்கன் கொடுக்கும். இவள் இன்னார் என்று அடையாளம் காட்டுவது அதுதான். டேப் பத்து இருந்தாலும் அந்தத் தளத்துக்கு டோக்கன் ஒன்றுதான். ரெண்டாவது பிள்ளையின் பேரில் நுழைந்ததும் முதல் டோக்கன் போய்ப் புதுசு வந்துவிட்டது. முதல் டேப்பில் பால்வாடி அக்கா மகளின் பேர் தெரிந்துகொண்டிருந்தது பழைய படம்தான். நான் சேமித்தது போய் விழுந்தது ரெண்டாவது பிள்ளையின் கணக்கில். ரிசல்ட் பார்க்கும்போது யாரும் பேர் கொடுத்து உள்ளே நுழைவதில்லை, அதனால் அங்கே இந்தக் குழப்பம் வரவில்லை.

அதே பிரவுசரில் இன்னொரு சாதாரணச் சன்னல் திறந்தாலும் டோக்கன் அதேதான். ஆனால் வேறு பிரவுசரிடம் வேறு டோக்கன் இருக்கும். அதனால் இப்போது அவசரம் என்றால் ஒரு பிள்ளைக்கு நரி, இன்னொரு பிள்ளைக்குப் பழைய பிரவுசர். அவசரம் இல்லை என்றால் ஒருத்தருடையதை முழுக்க முடித்து, வெளியேறு என்பதை அமுக்கிவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிடுவேன். கடவுச்சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். அது பத்துப் பேர் உட்காருகிற கம்ப்யூட்டர். பழையதைத் தூக்கியெறியாமல் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில தளங்கள் அதில்தான் ஒழுங்காகத் திறக்கின்றன.

இப்போதெல்லாம் எந்த விண்ணப்பமாக இருந்தாலும் முதலில் பிரிண்ட் எடுத்து அம்மா கையில் கொடுத்துவிடுகிறேன். பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்து அவர்கள் எண்ணை ஒத்துப் பார்த்துத் தலையாட்டின பிறகுதான் பொத்தானை அமுக்குவேன். தாளுக்கு ரெண்டு ரூபாய் ஆகிறது. அதைப் பொருளாளர் அக்கா கணக்கில் எழுதிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். அடுத்த வாரம் மறுபடி விண்ணப்பம் தொடங்குகிறது. வரும்போது பாஸ்புக்கை மறக்காமல் எடுத்து வாருங்கள், ஜெராக்ஸ் வேண்டாம், அசலே வேண்டும்.