வசைச்சொல்லின் முகவரி
(எம்.சி.ராஜா நினைவுச் சொற்பொழிவு, படப்பை)



எம்.சி.ராஜா நமக்குத் தூரத்து ஊர்க்காரர் அல்லர். பரங்கிமலையில் பிறந்தவர். தாம்பரத்தில் ரயில் ஏறினால் சில நிறுத்தங்கள்தான். அவர் பெயரால் கூடியிருக்கும் இந்த நாளில் வசைச்சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அரசாங்கம் நம்மை எந்தச் சொல்லால் எழுத வேண்டும் என்று சட்டமன்றத்தில் கேட்டவர் அவர்.

1922 ஜனவரியில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிட வேண்டும். தமிழ்ப் பகுதியில் ஆதிதிராவிடர் என்றும் தெலுங்குப் பகுதியில் ஆதிஆந்திரர் என்றும் எழுத வேண்டும் என்பது தீர்மானம். அதே ஆண்டு மார்ச் 25ஆம் நாள் அரசாணை எண் 817 வந்தது.

103 ஆண்டுகள் கழித்து, 2025 ஏப்ரல் 29 அன்று, முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதே மாதிரியான ஓர் அறிவிப்பைச் சட்டமன்றத்தில் செய்தார். 'காலனி' என்ற சொல் வசைச்சொல்லாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் ஆகிவிட்டதால், அது அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்றார். வரவேற்க வேண்டிய அறிவிப்புதான். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நூறு வருடத்துக்கு ஒருமுறை நாம் ஏன் சொல்லை மாற்றிக்கொண்டே இருக்கிறோம்?

காலனியையே எடுத்துக்கொள்வோம். தாம்பரத்தில் ரயில்வே காலனி இருக்கிறது. அங்கே குடியிருப்பவர் முகவரி சொல்லக் கூச்சப்படுவதில்லை. அதே சொல் ஊருக்கு வெளியே, ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் போனால், 'காலனிப் பசங்களா?' என்று ஆகிவிடுகிறது. எழுத்து அதேதான். ஆள்தான் வேறு.

சேரியின் கதையும் இதுதான். நம் மாவட்டத்து உத்திரமேரூருக்குப் போனவர்கள், குடவோலை முறையைச் சொல்லும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். 30 குடும்புகள், 12 சேரிகள் என்று அது கணக்குச் சொல்கிறது. உத்திரமேரூர் அன்று பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேய ஊர். பத்தாம் நூற்றாண்டில் பிராமணரும் சேரியில்தான் குடியிருந்தார்கள்! சேர்ந்து வாழும் இடம் சேரி. அந்தச் சொல் நம்மோடு மட்டும் தங்கிவிட்ட பிறகு, 'சேரி மொழி' என்றால் கெட்ட பேச்சு என்று ஆகிவிட்டது. 2023 நவம்பரில் நடிகை குஷ்பு அப்படி எழுதிவிட்டு, எதிர்ப்பு வந்ததும், பிரெஞ்சு மொழியில் அதற்கு 'அன்புக்குரிய' என்று பொருள் என விளக்கம் சொன்னார். பிரெஞ்சுக்காரர் யாரும் இங்கே குறைபட்டுக்கொள்ளவில்லை. குறைபட்டவர்கள் சேரிக்காரர்கள்.

பறையர் என்ற சொல் கடல் கடந்தே போய்விட்டது. புறநானூற்றின் 335ஆம் பாட்டு பறையனை நான்கு குடிகளில் ஒன்றாக வைக்கிறது. பறை என்பதற்குச் சொல்லுதல் என்ற பொருளும் உண்டு. மலையாளத்தில் இன்றும் பறைதல் என்றால் பேசுதல். ஐரோப்பியர் வாயில் அது 'பரையா' ஆயிற்று. ஒதுக்கப்பட்டவன் என்று ஆங்கில அகராதியில் ஏறிற்று. இன்று ஏதாவது ஒரு நாட்டை உலகம் ஒதுக்கினால் அந்த நாட்டுக்கு நம் பெயரைத்தான் வைக்கிறார்கள். ஐ.நா. சபையைப் பற்றி எழுதுகிற பத்திரிகையாளருக்கு, தான் ஒரு சாதியின் பெயரை எழுதுகிறோம் என்பதே தெரியாது.

இதை நம் முன்னோர் இரண்டு விதமாக எதிர்கொண்டார்கள். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது அதற்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தச் சொல்லைச் சொல்லக் கூசவைத்தார்களோ, அதையே தலைப்பில் அச்சடித்தார். அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. அது பகைவர் சுமத்தியது, நாம் பூர்வத் தமிழர் என்றார். 1907இல் தொடங்கிய இதழைத் 'தமிழன்' ஆக்கினார். இதில் யார் சரி என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. இருவரும் ஒரே உரிமையைக் கேட்டார்கள் என்பதே என் பதில்: எனக்குப் பெயர் வைக்கும் உரிமை என்னிடம் இருக்க வேண்டும்.

அந்த உரிமை இல்லாமல் வரும் நல்ல சொல்லும் கசந்துபோகும். காந்தியார் பரப்பிய 'அரிசன்' என்ற சொல்லின் கதி தெரியுமே. இழிவுபடுத்தும் சொல் என்று 2017இல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. இன்று பள்ளிக்கூடத்தில் 'எஸ்.சி.' என்ற இரண்டு எழுத்தையும் 'கோட்டா' என்ற சொல்லையும் பிள்ளைகள் வசையாகவே கேட்கிறார்கள். சட்டம் கொடுத்த சொல்லுக்கும் அதே கதிதான்.

ஆகவே, தோழர்களே, சொல்லை மாற்றும்போது சொல் நிற்கும் இடத்தையும் மாற்றக் கேட்க வேண்டும். காலனி என்ற பலகையை எடுத்துவிட்டு நகர் என்று எழுதலாம். அங்கே சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, வீட்டுமனைக்குப் பட்டா இல்லை என்றால், பத்து வருடத்தில் நகரும் வசையாகிவிடும். செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் 1891இல் நம் மக்களைப் பற்றி எழுதிய அறிக்கையின் தலைப்பிலும் அந்தப் 'பரையா' என்ற சொல்தான் இருந்தது. ஆனால் அந்த அறிக்கை நிலம் கேட்டது. அடுத்த ஆண்டு பஞ்சமி நிலத்துக்கான அரசாணைக்கு வழி செய்தது. நமக்குச் சொல்லும் வேண்டும், நிலமும் வேண்டும்.

அன்றாடத்தில் நாம் செய்யக்கூடியது ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவது குற்றம் என்று 2011இல் தமிழ்நாட்டின் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015 திருத்தத்துக்குப் பின், பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட எந்த இடத்திலும் அப்படித் திட்டுவது வன்கொடுமைச் சட்டத்தில் தனிக் குற்றம். வெளியார் யாரும் இல்லாமல் நான்கு சுவருக்குள் சொன்னால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் நீதிமன்றம் கூறியிருக்கிறது. எனவே புகாரில் 'சாதியைச் சொல்லித் திட்டினார்' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். சொன்ன சொல் எது, எந்த இடம், என்ன நேரம், யார் யார் கேட்டார்கள் என்று எழுதுங்கள். அந்தச் சொல்லை எழுதக் கை கூசும். கூசட்டும். அதைச் சொன்னவருக்குத்தான் அவமானம், கேட்டவருக்கு அல்ல.

பெயரை நாம் வைப்போம். முகவரியையும் நாமே எழுதுவோம்.

ஜெய்பீம்.