அட்டையை வரைஞ்சது யாரு?

போன வாரம் கடப்பாக்கத்துல மாமா வீட்டுப் பரணைக் காலி பண்ணினோம். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய பழைய முத்து காமிக்ஸ். கடலோர ஊர், உப்புக்காத்து. பின் எல்லாம் துருப்பிடிச்சு, புத்தகத்தைத் தூக்கினா அட்டை தனியா கையோட வருது.

சிவகாசியில 1972ல முத்து காமிக்ஸ் தொடங்கினப்போ வந்த முதல் புத்தகம் ‘இரும்புக்கை மாயாவி’. அது பிரிட்டன்ல ‘வேலியண்ட்’ங்கிற வார இதழ்ல 1962ல ஆரம்பிச்ச தொடர். உள்ளே படம் வரைஞ்சவர் ஸ்பெயின்காரர், ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்த இதழ்லயே அவர் பேரைப் போடல. கரண்ட் பாய்ஞ்சா மாயாவி மறைஞ்சு, இரும்புக்கை மட்டும் தெரியும் இல்லையா? வரைஞ்சவருக்கும் அதே கதிதான்.

சரி, அது வெளிநாடு. நம்ம பெட்டிக்கடையில கிளிப் மாட்டித் தொங்கினது அட்டைதான். மாமா காசு கொடுத்ததும் அதைப் பார்த்துத்தான். வாரப் பத்திரிகைகள்ல வரைஞ்ச ஜெயராஜ், மாருதி, ம.செ. பேரெல்லாம் எங்க அம்மாவுக்கே தெரியும். ஆனா இந்த அட்டைகளை யார் வரைஞ்சாங்கன்னு மாமாகிட்ட கேட்டா முழிக்கிறாரு. ஒரு புத்தகம் விடாம வாங்கின மனுஷன்!

பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட இருந்தாங்க. நான் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையா போன்ல படம் பிடிச்சேன். மூணு அட்டையோட ஓரத்துல ஏதோ கையெழுத்து மாதிரி கிறுக்கல் இருக்கு. எவ்வளவு ஜூம் பண்ணியும் எனக்குப் பிடிபடல. படங்களை இந்த எபிசோடோட போட்டிருக்கேன். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட காட்டிப் பாருங்க.