உங்கள் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது?

(பெங்களூர் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேர்தல் வருஷமாயிற்றே, ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். எந்தக் கட்சி, எந்த வேட்பாளர் என்ற பேச்சு இந்த மேடையில் வராது. அது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது; சங்கம் அதில் தலையிடக் கூடாது என்பது என் திடமான அபிப்ராயம். நான் பேச வந்தது அதற்கு முந்தைய விஷயம். ஓட்டுப் போடும் இயந்திரத்தின் முன்னால் போய் நிற்கும் யோக்யதையை நாம் சம்பாதித்து வைத்திருக்கிறோமா என்பதுதான் அது.

"நாம எத்தனை பேர் இருக்கோம்? நம்ம ஓட்டாலே என்ன ஆகப்போறது?" இதைக் கேட்காத வீடு நம்மில் குறைவு. பதில் இந்த நகரத்திலேயே இருக்கிறது. 2023 சட்டமன்றத் தேர்தலில் ஜெயநகர் தொகுதி. மே 13 அன்று எண்ணிக்கை. மற்ற இடங்களில் முடிவு வந்து மாலை மரியாதைகளும் முடிந்துவிட்டன. ஜெயநகரில் மட்டும் மறு எண்ணிக்கை என்று இரவு வெகு நேரம் இழுத்தது. கடைசியில் வென்றவருக்கு 57,797, தோற்றவருக்கு 57,781. வித்தியாசம் 16 ஓட்டு. ஓர் அடுக்ககத்தின் ஒரே மாடியில் 16 வாக்காளர்கள் தேறுவார்கள். ஜெயநகரில் நம்மவர்கள் எத்தனை குடும்பம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே கர்நாடகத்தில் 2004-ல் சந்தேமரஹள்ளி என்று ஒரு தொகுதி. இப்போது அந்தப் பெயரில் தொகுதி இல்லை. அங்கே துருவநாராயணா 40,752 ஓட்டு வாங்கினார், ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்தி 40,751. ஒரே ஓட்டு! தோற்றவருடைய கார் டிரைவருக்கே அன்று ஓட்டுப் போட நேரம் கிடைக்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. இதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். நம் வீட்டு டிரைவருக்கும் சமையல்கார அம்மாளுக்கும் காவலாளிக்கும் தேர்தல் அன்று காலையில் இரண்டு மணி நேரம் விடுகிறோமா? கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சம்பளத்துடன் விடுமுறை தரவேண்டும் என்று 1951-ஆம் வருஷச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் விஷயத்தில் சட்டம் வந்து கதவைத் தட்டாது. நாமாகத்தான் விடவேண்டும்.

அடுத்து, பெங்களூர்க்காரர்கள் சோம்பேறிகள் என்று ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் தொலைக்காட்சியில் ஒரு திட்டு விழுமே, அதைப் பற்றி. 2024 மக்களவைத் தேர்தலில் கர்நாடக மாநிலம் முழுவதும் சேர்த்து 70 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பதிவு. பெங்களூர் தெற்குத் தொகுதியில் சுமார் 53 சதவீதம்தான். அன்று ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. சனி ஞாயிறு சேர்த்துக்கொண்டு கூர்க்குக்கும் ஊட்டிக்கும் போனவர்கள் உண்டு, மறுக்கவில்லை. 2023-ல் இதற்காகவே யோசித்து புதன்கிழமை வைத்தார்கள். அப்போதும் நகரம் பெரிதாக அசைந்துவிடவில்லை. ஆனால் திட்டில் பாதிதான் நியாயம் என்பது என் கணக்கு.

பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்திருப்பீர்கள். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. வாக்குப் பதிவு சதவீதத்தில் மேலே இருப்பது ஓட்டுப் போட்டவர்கள் எண்ணிக்கை. அது சரியாகவே இருக்கும், இயந்திரம் எண்ணுகிறது. கீழே இருப்பது பட்டியலில் உள்ள பெயர்கள். அதில் காலமானவர்கள், வீடு மாறிப் போனவர்கள், இரண்டு இடத்தில் பதிவானவர்கள் எல்லோரும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கிறார்கள். பகுதி வீங்கிப்போனால் விடை தானாக இறங்கும். வேலைக்காக ஜனங்கள் வந்து போகும் நகரத்தில் இந்த வீக்கம் அதிகம். எங்கள் குடியிருப்பில் நாங்கள் நான்கைந்து ஓய்வு பெற்றவர்கள் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். எப்போதோ வீட்டை விற்றுவிட்டு சிங்கப்பூர் போனவர் பட்டியலில் பத்திரமாக இருந்தார். அவரிடம் வாங்கிக் குடியிருக்கும் குடும்பத்தில் ஒருவர் பெயர்கூட இல்லை.

அந்தக் குடும்பத்துப் பெரியவர் சொன்னதுதான் இன்று நான் பேசுவதற்கே காரணம். "எங்களுக்கெல்லாம் நங்கநல்லூர்லே இருக்கு ஸார். நாப்பது வருஷமா அங்கேதான் போடறோம். பையனோட இருக்கலாம்னு இங்கே வந்தோம். அங்கே வீடு இருக்கே, அதை எப்படி விடறது?" இந்தப் பதிலை நம் சமூகத்தில் எல்லா ஊரிலும் கேட்கலாம். பத்திரிகையில் இதைப் படிக்கப்போகும் மும்பை, தில்லி, ஹைதராபாத் அன்பர்களுக்கும் இது புதிதல்ல.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 19-ஆம் பிரிவு: சாதாரணமாக எங்கே வசிக்கிறீர்களோ அங்கேதான் பெயர் இருக்கவேண்டும். 20-ஆம் பிரிவு: ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அங்கே வசிப்பதாகக் கொள்ள முடியாது. 17-ஆம் பிரிவு: ஒருவர் பெயர் ஒரு தொகுதிக்கு மேல் இருக்கக் கூடாது. படிவத்தில் தெரிந்தே பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டால் 31-ஆம் பிரிவின்படி ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. 'அங்கேயும் இருக்கட்டும், இங்கேயும் இருக்கட்டும்' என்பது நமக்குச் சாதாரணமாகத் தோன்றுகிறது. வேறு யாராவது அப்படிச் செய்தால் கள்ள ஓட்டு என்போம்.

சட்டம் கிடக்கட்டும், நடைமுறைக்கு வருவோம். 2025 இறுதியில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தது. டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அவர்களில் சுமார் 66 லட்சம் பேர் குடிபெயர்ந்தவர்கள் அல்லது அந்த முகவரியில் காணப்படாதவர்கள். சென்னையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளையுடன் இருக்கும் பெரியவர்கள் இப்படித்தான் இரண்டு ஊரிலும் இல்லாமல் போகிறார்கள். அங்கே அழித்துவிட்டார்கள், இங்கே எழுதவே இல்லை. சுதந்திர இந்தியாவில் ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டுப் போட்ட ஒரு மனிதருக்குக் கடைசிக் காலத்தில் ஓட்டு இல்லை என்றால் அது சின்ன நஷ்டமா?

இங்கே ஏன் போடவேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் குடிக்கும் தண்ணீர் எந்த ஊரில் வருகிறது? 2007-ல் நகரைப் பெரிதாக்கியபோது சுற்றியிருந்த 110 கிராமங்களை மாநகராட்சியில் சேர்த்தார்கள். நம் பிள்ளைகள் வாங்கிய புது அடுக்ககங்கள் பல அந்தப் பக்கம்தான். அந்தப் பகுதிக்கென்று 77 கோடியே 50 லட்சம் லிட்டர் தினமும் கொண்டுவரும் காவேரி ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபர் 16-ல் தொடங்கியது. 17 வருஷ இடைவெளி! 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கர் லாரிக்காகக் காத்திருந்தோமே, அப்போது தண்ணீர் நம்முடைய கோத்திரத்தையோ பூர்வீக ஊரையோ கேட்கவில்லை.

இன்னும் ஒரு விஷயம். குழாய், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு இவற்றுக்குப் போய் நிற்கவேண்டிய இடம் கார்ப்பரேட்டர் வீடு. நாம் பிரதமர் யார் என்று காரசாரமாக வாதம் செய்வோம், வார்டு தேர்தலை மட்டும் மதிக்கமாட்டோம். பெங்களூரில் 2010-ல் சுமார் 44 சதவீதம், 2015-ல் சுமார் 49 சதவீதம்தான் வார்டு தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அடுத்த ஐந்து வருஷம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல், அதிகாரிகளை வைத்தே நகரம் நடந்தது. நடுவில் வார்டுகளை 198-லிருந்து 243 ஆக்கினார்கள், பிறகு 225 என்றார்கள், 2025 செப்டம்பரில் மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்தார்கள். நானும் அதிகாரியாக இருந்தவன்தான். அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதிகாரிக்கு மேலிடத்தின் கடிதம்தான் அவசரம். உங்கள் தெருவின் பள்ளத்துக்கு பயப்பட வேண்டியவர் மறுபடியும் உங்களிடம் ஓட்டுக் கேட்டு வரவேண்டியவர்தான். வார்டு பட்டியலும் சட்டமன்றப் பட்டியலை வைத்தே தயாராகிறது. ஒன்றைச் சரி செய்தால் எல்லாத் தேர்தலுக்கும் பிரயோஜனம்.

உத்தியோகத்தில் இருந்தபோது வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணி பார்த்திருக்கிறேன். கண்கூடாகப் பார்த்த காட்சி: அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, வெள்ளை வேஷ்டியுடன் முதல் ஆளாக வரிசையில் நின்ற பெரியவர். பட்டியலில் பெயர் இல்லை. "கவர்ன்மென்ட் கொடுத்த கார்டுதானே இது?" என்கிறார். ஆமாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அட்டை நீங்கள் யார் என்பதற்குத்தான் சாட்சி. ஓட்டு உண்டு என்பதற்குச் சாட்சி பட்டியல். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பெயரைச் சேர்க்க எந்த அதிகாரமும் கிடையாது.

இந்த இடத்தில் ஒரு வாட்ஸப் புரளியையும் அடக்கம் செய்துவிடுகிறேன். பெயர் இல்லாவிட்டால் ஆதாரைக் காட்டி 'சேலஞ்ச் ஓட்டு' கேளுங்கள் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு செய்தி சுற்றும். நம் குழுவிலும் வந்தது. சுத்தப் பொய். சேலஞ்ச் என்பது, வந்திருப்பவர் அந்த ஆள் இல்லை என்று கட்சி ஏஜெண்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டுப் போயிருந்தால் 'டெண்டர் ஓட்டு' என்று தனிச் சீட்டு தருவார்கள். இரண்டுக்குமே பெயர் பட்டியலில் இருந்தாகவேண்டும்.

ஆகையால் காரியம் நடக்கவேண்டியது தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்னால். வீடு மாறினவர்களுக்குப் படிவம் 8. ஊர் விட்டு ஊர் வந்திருந்தாலும், மாநிலம் விட்டு மாநிலம் வந்திருந்தாலும் 2022 ஆகஸ்டிலிருந்து அதே படிவம்தான். பழைய இடத்தில் பெயரை எடுத்து இங்கே சேர்ப்பார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் படிவம் 6. பதினெட்டு முடிந்த பேரப் பிள்ளைகள் ஜனவரி வரை காத்திருக்கவேண்டாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் நான்கிலும் முதல் தேதி கணக்கு உண்டு. முகவரிக்கு ஆதார், வங்கி பாஸ்புக், ஒரு வருஷத்து மின்சார பில் போன்றவை போதும். இங்கே எல்லோரும் போடும் 11 மாத வாடகை ஒப்பந்தம் பதிவு செய்யப்படாததால் செல்லாது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் பாஸ்புக்கில் முகவரியை மாற்றிவிடுங்கள், அது சுலபம்.

பெயர் எழுதும் விதத்தில் நமக்கு ஒரு தனிச் சங்கடம். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. ராமஸ்வாமி, ராமசாமி, ஆர். ராமஸ்வாமி, ராமஸ்வாமி ராகவன் என்று ஒரே மனிதர் ஆதாரில் ஒருவர், பாஸ்போர்ட்டில் ஒருவர், பட்டியலில் ஒருவர். எந்த ஆவணத்தைக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ளபடி எழுதுங்கள். மாமிகளுக்கு ஒரு வார்த்தை. 1951-52 முதல் பொதுத் தேர்தலில் வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே எழுதிக்கொண்டார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஒப்புக்கொள்ளவில்லை. சுமார் 28 லட்சம் பெயர்கள் அடிபட்டன. அதிகாரி வீட்டுக்கு வரும்போது "அவர் வெளியே போயிருக்கார், அப்புறம் வாங்கோ" என்று கதவைச் சாத்தாமல் நீங்களே விவரம் சொல்லலாம்.

அமெரிக்காவில் பெண்ணுக்குப் பிரசவம் என்று ஆறு மாதம் போகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. தற்காலிகமாக வெளியே போனால் உரிமை போகாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வரும்போது பூட்டைத்தான் பார்ப்பார். அடுத்த வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். 85 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கும் வசதி உண்டு. 2023-ல் இங்கே 80 வயது என்று வைத்திருந்தார்கள், 2024-ல் 85 ஆக்கிவிட்டார்கள். தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் படிவம் 12டி கொடுக்கவேண்டும். அதற்குள் யாராவது ஞாபகப்படுத்தாவிட்டால் போயிற்று. ஒவ்வொரு பேட்டையிலும் நம்மில் ஓர் இளைஞர் இதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விரலில் வைக்கும் மை பக்கத்து மைசூரில்தான் தயாராகிறது. அதில் இருப்பது சில்வர் நைட்ரேட். தோலில் உள்ள உப்புடன் சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுக்கும். பி.எஸ்ஸி. படித்தவனுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நங்கநல்லூர் பெரியவரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? நான்கு நாள் யோசித்துவிட்டு, "சரி, ஃபாரத்தைக் கொண்டாங்கோ" என்றார். கையெழுத்துப் போடும்போது கொஞ்சம் தயங்கினார். அது எனக்கும் புரிந்தது. ஊரை விட்டுக் கொடுப்பது போலத்தான் இருக்கும். அடுத்த வாரமே எங்கள் தெரு சாக்கடை பற்றிய மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு மேஜை போட்டிருக்கிறோம். அட்டை எண்ணைச் சொன்னால் நம் பையன்கள் கணினியில் பார்த்து, பெயர் இருக்கிறதா, எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்வார்கள். படிவம் 8 கட்டுக்கட்டாக வைத்திருக்கிறோம். ஆதார் நகல் கொண்டு வராதவர்களுக்கு எதிர்க் கடையில் ஜெராக்ஸ் உண்டு. 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம், ஆனால் இன்று பையன்கள் இருக்கிறார்கள். மேஜையைத் தாண்டித்தான் காபி என்று செயலாளர் உத்தரவு.