இருதய சிகிச்சையும் சித்தக் கலக்கமும்

கிழக்கேகோட்டையில், பத்மநாபசுவாமி கோயிலின் அருகே மேத்தன் மணி என்றொரு கடிகாரம் உண்டு. மணிதோறும் தாடிக்காரர் ஒருவர் வாய் திறக்க, இரு ஆட்டுக்கடாக்கள் அவர் கன்னங்களில் முட்டும்படி அதனை அமைத்தார்கள். அதன் நிழலில் வாழ்ந்த தமிழ் முதியவர் ஒருவர், இருதய அறுவைக்குப் பின் பகலா இரவா என்று அறியாமல் திகைப்பதாக எண்ணிப் பார்ப்போம்.

அந்நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் உருவான செயற்கை வால்வு, 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இருதயத்தைச் செப்பனிடும் கலை அவ்வளவு தேர்ந்துவிட்டது. ஆயினும் அறுவைக்குப் பின் சித்தம் கலங்காமல் காக்கும் கலை உலகெங்கும் இன்னும் தடுமாறுகிறது.

இரண்டாம் மூன்றாம் நாளில் நோயாளி குழாய்களைப் பிடுங்குவார். மறைந்தவரைப் பெயர் சொல்லி அழைப்பார். சிலர் ஒன்றும் பேசாது கிடப்பர். அதுவும் இக்கலக்கமே, எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். இது பைத்தியமன்று. பெரும்பாலும் சில நாட்களில் தெளியும். எனினும் சிலருக்கு நினைவாற்றல் நெடுநாள் தளர்ந்திருப்பதுண்டு.

மிடாசோலம் போன்ற மயக்க மருந்துகள் கலக்கத்தை வளர்க்கக்கூடும் என்பது மருத்துவர்களின் ஐயம். டெக்ஸ்மெடிடோமிடின் என்னும் மருந்தோ இயற்கை உறக்கத்தை ஒத்த அமைதியைத் தருவது; எழுப்பினால் நோயாளி விழித்துப் பேசுவார். 2009-ல் வெளியான சிறு ஆராய்ச்சி ஒன்றில், வால்வு அறுவைக்குப் பின் இதனைப் பெற்றவர்களில் 100-க்கு 3 பேருக்கே கலக்கம் கண்டது. வேறு மருந்து பெற்றவர்களிலோ பாதிப் பேருக்கு. நல்ல செய்தி என்று மகிழ்ந்தோம். ஆனால் 2020-ல் அமெரிக்காவில் சுமார் 800 பேரிடம் நடந்த பெரிய சோதனையில், மருந்து பெற்றோரில் 100-க்கு 17 பேரும், பெறாதோரில் 12 பேரும் கலங்கினர். இவ்வேற்றுமை தற்செயலாகவும் இருக்கலாம். காப்பாற்றிற்று என்று மட்டும் சொல்ல வழியில்லை. இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும் குணமும் இம்மருந்துக்கு உண்டு.

ஆகவே மூக்குக்கண்ணாடி, செவிக்கருவி, இரவில் இருள், தடையற்ற உறக்கம், பழகிய குரல் ஆகிய எளிய துணைகளை நாம் அலட்சியம் செய்யலாகாது. இங்கேதான் வெளிமாநிலத் தமிழருக்குத் தனிக் கவலை. திருவனந்தபுரத்தில் தாதி மலையாளத்தில் கேட்டாலும் முதியவருக்கு ஓரளவு விளங்கும். புனேயிலோ கல்கத்தாவிலோ, கேள்வி புரியாத மௌனத்தைக் கலக்கம் என்றும், கலக்கத்தை மொழி அறியாமை என்றும் தவறாகக் கொள்ள இடமுண்டு.

தூக்க மாத்திரை, மதுப்பழக்கம், முன்பே கண்ட மறதி ஆகியவற்றை மயக்க மருத்துவரிடம் அறுவைக்கு முன்னரே மறைக்காமல் சொல்லுங்கள். வலி, தண்ணீர், மூச்சு முதலிய சொற்களைத் தமிழ் ஒலிப்புடன் தாதிக்கு எழுதிக் கொடுங்கள். பார்க்க அனுமதி கிடைத்ததும், அவர் எதைப் பிதற்றினாலும் வாதாட வேண்டா; கையைப் பற்றி, இன்று இன்ன கிழமை, இது இன்ன ஊர், அறுவை முடிந்துவிட்டது என்று தமிழில் மெல்லச் சொல்லுங்கள்.