இல்லம் பேணுதல்: நம் கையால் ஆகும் பணிகள்

(கழக வெள்ளி விழாவின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் விழாவில் கூரையைப் பற்றியும் சுவரைப் பற்றியும் பேசத் தலைமையாசிரியர் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் எளியது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பள்ளி வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், நம் குடியிருப்புப் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே விடுப்புக் குறிகள் மிகுந்து காணப்படும். விசாரித்தால், காய்ச்சல் என்பார் சிலர். இரவெல்லாம் ஒழுகியது, பாத்திரம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு உறங்காமல் இருந்தோம் என்பார் பலர். நனைந்து ஒட்டிப்போன குறிப்பேட்டைத் தாள் தாளாகப் பிரித்து வெயிலில் உலர்த்தும் பிள்ளையை வகுப்பு வாசலில் நாம் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். ஆகவே இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சே ஆகும்.

நம் மக்கள் வாழும் அரசுத் திட்ட வீடுகள் பல வயதின. 1974இல் தாட்கோ நிறுவனம் தோன்றிய பின் எழுந்தவை உண்டு. 1985இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தில் கட்டியவை உண்டு. 2011இல் அறிவிக்கப்பட்ட 300 சதுர அடிப் பசுமை வீடுகளும் உண்டு. அரசு வீட்டைக் கட்டித் தரும். ஆண்டுதோறும் மேலேறிப் பார்த்துச் செப்பனிட்டுத் தராது. 2024இல் பழைய திட்ட வீடுகளைப் பழுதுபார்க்கத் தமிழக அரசு ஒரு திட்டம் அறிவித்தது. தம் வீடு அதில் அடங்குமா என்பதை ஒவ்வொருவரும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும். உரிமையைக் கேட்பது ஒருபுறம் நடக்கட்டும். அடுத்த மழை அதற்காகக் காத்திராது.

இவ்விடத்தில் உள்ளத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நகரங்களில் அடுக்கு மாடிகளை எழுப்புவோர் யார்? கொத்தனாராக, சித்தாளாக, கம்பி கட்டுவோராக, சென்டரிங் வேலை செய்வோராக இருப்போரில் நம் தெருவினர் எத்தனை பேர்! பிறர் வீட்டுத் தளத்திற்கு வாட்டம் பார்த்துக் கொடுத்தவர் வீட்டுத் தளத்தில் நீர் தேங்கி நிற்கிறது. திங்கள் முதல் சனி வரை கூலி வேலை, ஞாயிறு ஓய்வு என்றால் அவரைக் குறை கூறவும் மனம் வரவில்லை. ஆனால் கைத்திறன் நம்மிடம் இருக்க, ஆள் இல்லையே என்று இருப்பது முறையன்று.

முதலில் அறிய வேண்டுவது, வீட்டுக்குப் பகை நீரே என்பது. நீர் வரும் வழியை அடைக்காமல் சுவருக்கு வண்ணம் பூசுவது புண்ணைக் கழுவாமல் துணி சுற்றுவது போன்றது. நாம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறோம். பொங்கல் வருவதோ தை முதல் நாள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புவரை வடகிழக்குப் பருவமழை பெய்திருக்கும். சுவரின் உள்ளே ஈரம் இன்னும் இருக்கிறது. முன்னோர் அடித்தது சுண்ணாம்பு. அது ஈரத்தைத் தடுப்பதில்லை. சுவர் மெல்ல மெல்ல உலர இடம் கொடுக்கும். இன்றோ கடன் வாங்கியும் பிளாஸ்டிக் எமல்ஷன் பூசுகிறோம். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி அந்தப் பூச்சைக் கொப்புளமாக்கி உரித்துத் தள்ளுகிறது. பங்குனிக்குள் சுவர் சொறி பிடித்தாற்போல் ஆகிவிடும். பொங்கலுக்குச் சுண்ணாம்போடு நின்று, வண்ணம் வேண்டுமென்போர் சித்திரை, வைகாசியில் பூசுவதே நலம். ஐயம் இருப்பின், ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாற்புறமும் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர் முத்துகள் கோத்திருந்தால் சுவர் இன்னும் உலரவில்லை என்று பொருள்.

இனிக் கூரைக்கு வருவோம். சித்திரை பிறந்ததும் மேலேறி, முதலில் துடைப்பம் கொண்டு பெருக்க வேண்டும். சருகும் மண்ணும் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்திருக்கும். அதை எடுத்துவிட்டாலே பல வீடுகளில் பாதி ஒழுக்கு நின்றுவிடும். கணக்குப் பாருங்கள்: 300 சதுர அடித் தளத்தில் ஓரங்குல உயரம் நீர் நின்றால் அதன் எடை ஏறத்தாழ 700 கிலோ. பதினான்கு சிமெண்டு மூட்டைகளைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு உறங்குவதற்கு அது ஒப்பாகும்.

அடுத்து நாலைந்து குடம் நீரை ஊற்றி, அது எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள். பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் இருந்தால் நீர் தயங்காமல் ஓடும். கீழே கறை தெரியும் இடத்திற்கு நேர் மேலேதான் ஓட்டை என்று எண்ண வேண்டா. நீர் ஓரிடத்தில் நுழைந்து, தளத்தின் உள்ளே பல அடி தவழ்ந்து, வேறோரிடத்தில் சொட்டும். பெரும்பாலும் குற்றவாளி, கைப்பிடிச் சுவரும் தளமும் கூடும் மூலையே ஆகும். அங்கே பழைய காரையைக் கொத்தி எடுத்து, மூலையைச் சாய்வாக, வளைத்துப் பூசிவிட வேண்டும். சுவரிடுக்கில் முளைத்த அரசங்கன்றை இலையோடு கிள்ளிப் போட்டுப் பயனில்லை. வேர் உள்ளிருந்து மீண்டும் தழைக்கும். சற்றுக் கொத்தியேனும் வேரைக் களைய வேண்டும்.

விரிசல்களில் இருவகை உண்டு. ஒன்று வந்து நின்றுவிட்டது. மற்றது இன்னும் வளர்வது. இதை அறியும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். விரிசல் முடியும் நுனியில் பென்சிலால் ஒரு கோடிட்டு, அருகே தேதி எழுதி, மாதம் ஒருமுறை பார்த்து வரட்டும். கோட்டைத் தாண்டி விரிசல் ஓடினால் அதைச் சிமெண்டு கொண்டு அடைப்பது வீண்; மீண்டும் வெடிக்கும். அங்கே நெகிழ்ந்து கொடுக்கும் அடைப்புப் பசை வேண்டும். சுவரின் இருபுறமும் தெரியும்படி அகன்று போவதாயின் பொறியாளரை அழைக்க வேண்டும். நின்றுபோன விரிசலை உளியால் கால் அங்குல ஆழமேனும் அகலப்படுத்தி, தூசி போகத் தேய்த்து, நீர் தெளித்து, சிமெண்டுப் பால் தடவி, அது காயுமுன் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்த கலவையை அழுத்தித் திணிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் தீரக்கூடிய அளவே கலக்குங்கள். இறுகத் தொடங்கிய கலவைக்கு மேலும் நீர் விட்டுக் குழைப்பது பலரிடம் உள்ள வழக்கம். அதனால் வலுவே போய்விடும். கட்டி தட்டிய பழைய சிமெண்டு ஆகாது. கடல் மணல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஆகாது. அதிலுள்ள உப்பு கம்பியைத் தின்னும். பூசிய பின் ஈரச் சாக்கு போர்த்தி, ஏழு நாள் காலையும் மாலையும் நனைத்தல் வேண்டும். கோடையில் செய்யும் பூச்சு கெடுவது இந்த ஏழு நாள் சோம்பலினாலேயே.

தளத்தின் அடிப்புறம் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால், அது வேறு நோய். இரும்பு துருப்பிடிக்கும்போது பருத்து, மேலுள்ள காரையை வெடிக்கச் செய்து உதிர்க்கிறது. துருவைத் தேய்த்தெடுக்காமல் மேலே பூசினால் அடுத்த ஆண்டு அது பெருங்கட்டியாகத் தொட்டிலின் மேல் விழும். ஓரிடத்தில் உள்ளங்கை அளவு என்றால் கம்பித் தூரிகையால் பளபளக்கத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு இட்டுப் பின் அடைக்கலாம். பல இடங்களில் கம்பி மெலிந்திருந்தாலோ தளம் தொய்ந்திருந்தாலோ நாம் கை வைத்தல் கூடாது. அந்த அறையில் பிள்ளைகளைப் படுக்கவிடாமல், அன்றைக்கே அலுவலகத்திற்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

எம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், திரவம் தன் மட்டத்தைத் தானே அடையும் என்பதை மனப்பாடமாக ஒப்பித்தான். உன் தந்தை என்ன தொழில் என்றோம். சென்னையில் கொத்து வேலை என்றான். அவர் கையில் நீர் நிரப்பிய குழாய் ஒன்று இருக்குமே, பார்த்ததில்லையா என்றோம். விழித்தான். கோடை விடுமுறையில் தந்தை ஊருக்கு வந்தபோது இருவருமாய் அந்தக் குழாயைத் தளத்தின் இரு கோடியிலும் பிடித்து மட்டம் பார்த்து, பள்ளமான மூலையை உயர்த்திவிட்டனர். அடுத்த வீட்டார் இருவர் மணல் சுமந்தனர். அவர்கள் வீட்டுக்கு இவர்கள் போயினர். பாடநூலில் படித்ததும் தந்தையின் தொழிலும் ஒன்றே என்று அவனுக்குத் தெரிந்தது நமக்குப் பெரும் நிறைவு. அந்தக் கார்த்திகையில் அவனுக்கு விடுப்புக் குறி இரண்டே.

வெயில் தாளாத தளங்களுக்கு மேற்புறம் இருமுறை வெண்சுண்ணாம்பு அடித்தால் வீட்டுச் சூடு தணியும், செலவும் சிறிது. கிளிஞ்சலோ கல்லோ, சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது நீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட வேண்டும். சுண்ணாம்பின் மேல் நீரைக் கொட்டக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை அறுக்கவோ துளையிடவோ வேண்டா. அதன் தூசி நுரையீரலைக் கெடுப்பது. அதன்மேல் நேரே கால் வைக்கவும் கூடாது. பலகை போட்டே ஏற வேண்டும். ஏணி பன்னிரண்டடி உயரத்தில் சாய்ந்தால் அதன் அடி சுவரிலிருந்து மூன்றடி தள்ளி இருக்கட்டும். கதவு இறுகுவது, குழாய்த் திருகு கசிவது போன்றவை யாவரும் அறிந்தவை, விரிக்கவில்லை.

மின்சாரத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்வோம். இது நம் கையால் ஆகும் பணி அன்று. வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். ஈரச் சுவரில் கசிந்தால் உயிரைப் பறிக்கப் போதும். ஊருக்குள் வேலை செய்யும் மின்பணியாளர் நம் தெருவுக்கு வரத் தயங்கிய நாள்கள் நமக்குத் தெரியும். அதனால் நாமே ஒட்டுப்போட்டுப் பழகினோம். இன்று நம் பிள்ளைகளே தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர் பயிற்சி முடித்து நிற்கின்றனர், அவர்களை அழையுங்கள். நில இணைப்பு சரியாக உள்ளதா, கசிவு கண்டால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் கருவி பொருத்தியுள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். துணி காயப்போடும் கம்பியை மின்கம்பத்திலோ அதன் இழுகம்பியிலோ கட்டியிருந்தால் இன்று மாலையே அவிழ்த்து, கயிறு கட்டுங்கள். ஈரச் சேலையோடு அக்கம்பியைத் தொட்டு மாண்ட தாய்மாரின் செய்தி மழைக்காலந்தோறும் நாளிதழில் வருகிறது.

ரசமட்டம், கரண்டி, மணியாசுக்கட்டை, கம்பித் தூரிகை, இரு உளி, நீர்மட்டக் குழாய், ஏணி ஆகியவற்றை வீட்டுக்கு வீடு வாங்கத் தேவையில்லை. ஒரு தொகுதி வாங்கிக் கழகத்தில் வைத்து, நூலகப் பதிவேடு போல் எடுத்தவர் பெயரும் திருப்பிய நாளும் எழுதி வரலாம் என்று பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொண்டோம், இசைந்துள்ளனர். நாம் அமர்ந்திருக்கும் இக்கட்டடத்தின் வடகிழக்கு மூலையில், உங்கள் தலைக்கு மேலேயே, ஒரு கறை தெரிகிறது. வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், அதைக் கொத்தத் தொடங்குகிறோம். கொத்தனார் மூவர் வருவதாகச் சொல்லியிருக்கின்றனர். மணல் சலிக்கவும் நீர் சுமக்கவும் இன்னும் எண்மர் வேண்டும்.